கத்தி சேற்றில் கிடந்தது

புதுசாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு எழுதுவது.

போன வாரம் என்னைப் படகுத்துறைக்குக் கூப்பிட்டு, உங்கள் எல்லாருக்கும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "உங்க அனுபவத்தச் சொல்லுங்கம்மா" என்றார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுந்து வாசிக்கச் சொன்னபோதும் வரவில்லை. அதோடு படிப்பும் நின்றது. எழுதச் சொன்னால் மெதுவாக எழுதிவிடுவேன். அதனால் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நான் கிளம்பும்போது உங்களில் ஒரு பிள்ளை பின்னாலேயே ஓடிவந்து செல்போனை நீட்டியது. அதில் என் கத்தி மாதிரியே ஒரு கத்தி. கறுப்புக் கைப்பிடி, முதுகில் ரம்பப் பல், இடுப்பில் மாட்டுகிற உறை, எல்லாம் அப்படியே.

"அம்மா, ஆரோக்கியம் அக்காவக் காப்பாத்துன கத்தி இதானே? ஆளுக்கு ஒண்ணு ஆர்டர் போடப் போறோம். நல்லா இருக்குமா?"

"நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

பஸ் ஆர்.எஸ்.மங்கலம் வருவதற்குள் மனசு கேட்கவில்லை. அந்தக் கத்தி ஆரோக்கியத்தைக் காப்பாற்றவில்லை, பிள்ளைகளா. அவள் தண்ணீரில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது சேற்றில் கிடந்தது. சேற்றில் போட்டது நான். இது ஆரோக்கியத்துக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் அந்தக் கதையை நம்பி ஆளுக்கு ஒரு கத்தியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, நமக்கு இனி ஒன்றும் ஆகாது என்று ஓடையில் இறங்கிவிட்டால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். அதனால் கத்தி எப்படி என்று நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன், அன்றைக்கு நடந்ததையும் உள்ளபடி சொல்கிறேன்.

நான் கடலோரத்தில் பிறந்தவள் இல்லை. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர்தான். நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த கை. மழை இல்லாத ஒரு வருஷம், அலையாத்திக் காட்டில் கன்று நட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்தேன். நாற்று நடுகிற வேலைதானே என்று நினைத்தேன். வயல் சேறு கணுக்காலைத்தான் பிடிக்கும். இங்கே முழங்காலைப் பிடித்தது. முதல் நாள் சேற்றில் சிக்கி நின்றவளைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டது ஆரோக்கியம். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்தக் கரை. நடக்கப் பழகுமுன் நீந்தப் பழகியவள். அவள் வேதக்கோயிலுக்குப் போகிறவள், நான் முனியய்யாவைக் கும்பிடுகிறவள். உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் தூக்கிவிட்ட கையோடு "பாத்து வாங்க மதினி" என்றாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு மதினி. கன்று நடுகிற வேலை முடிந்து படகு விட ஆரம்பித்தபோது இருவரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அவள் கம்பு ஊன்றுவாள். நான் முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, குறுக்கே வருகிற கிளையை விலக்குவேன். பேசுகிற வேலை எல்லாம் அவளுடையது.

கத்தி வந்த கதை இதுதான். பறவைகளை எண்ணுவதற்கு வெளியூர் அம்மா ஒருவர் மூன்று வருஷம் தொடர்ந்து வாடைக் காலத்தில் வந்தார். நம் பேச்சு அவருக்குத் தெரியாது, அவர் பேச்சு எனக்குத் தெரியாது. எங்கள் படகில்தான் போவார். நான் கிளையை ஒடிக்காமல் விலக்குவது அவருக்குப் பிடித்திருந்தது போல. கடைசியாகப் போகும்போது இடுப்பிலிருந்து உறையோடு கத்தியைக் கழற்றி, உருவிக் காட்டி, கைப்பிடி என் பக்கம் வருகிற மாதிரி நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை. "கீழ வைங்க" என்று தரையைக் காட்டினேன்.

எங்கள் பக்கத்தில் அரிவாளையோ கத்தியையோ கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்கள். கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும், வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். அறுப்பு வேலையில் ஒரு நாளைக்கு நூறு தடவை வைப்போம், எடுப்போம்.

அந்த அம்மாவுக்கு இது எப்படித் தெரியும்? எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து முகம் வாடிப்போய்விட்டது. ஆரோக்கியம் ஓடிவந்து கையை ஆட்டிக் காலை ஆட்டி விளங்க வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே குனிந்து தரையில் வைத்தார். நான் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"ஏன் மதினி," என்று ஆரோக்கியம் அன்றைக்குப் பூராவும் என்னைக் கேலி செய்தாள், "உங்க ஊர்ல தரை இருக்கு, வைக்கிறீங்க. எங்க ஊருக்காரன் நடுக்கடல்ல கத்தி கேட்டா எங்கன வைப்பான்? மீன் முதுகுலயா?"

நானும் சிரித்தேன். சிரிப்பதோடு விட்டுவிட்டேன். அவள் கேட்டது சரியான கேள்வி என்பது பிறகுதான் தெரிந்தது.

இனி கத்தி எப்படி என்று சொல்கிறேன். முழுசாக ஒரு சாணுக்கு மேல் இருக்கும். மடக்குகிற கத்தி இல்லை. ஒரே இரும்பு, கைப்பிடிக்குள்ளும் கடைசிவரை ஓடுகிறது. அதனால் ஆடாது, கழன்று வராது. கைப்பிடி ரப்பர். கை ஈரமாக இருந்தாலும், மீன் கொழுப்பாக இருந்தாலும் வழுக்காது. இது இரண்டும் நல்ல குணம், மனசாரச் சொல்வேன். வெட்டுகிற பக்கம் கனமான இரும்பு. நைலான் கயிறு, பிளாஸ்டிக் சாக்கு, செத்த கிளை எல்லாம் அறுக்கும். முதுகில் இருக்கிற ரம்பப் பல் பார்க்கத்தான் அழகு. மரத்தில் வைத்து இழுத்தால் நாலு இழுப்பில் மாட்டிக்கொள்ளும். உறையோடு தீப்பொறி வருகிற ஒரு குச்சியும் இருந்தது. அதை வைத்து ஒரு தடவை நம் சமையல்கட்டு அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டினேன். தீப்பெட்டி பக்கத்திலேயே இருந்தது. சும்மா ஒரு பெருமைக்கு.

இரும்பின் மேல் கறுப்பாக ஒரு பூச்சு இருந்தது. இரண்டு வாடைக் காலத்தில் போய்விட்டது. அது போன இடத்தில் எல்லாம் உப்புத் துரு புள்ளி புள்ளியாக வந்தது. நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவினால் வராது. ஆனால் தினமும் செய்ய வேண்டும். ஒரு நாள் விட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். உறையையும் கழுவ வேண்டும். உள்ளே மணல் நின்றால் போட்டு எடுக்கும்போதெல்லாம் கூர்மையைத் தின்னும்.

நானே இதைக் கெடுத்த கதை இரண்டு இருக்கிறது. கூர் மழுங்கியதும் யாரிடமும் கேட்காமல் வீட்டு அம்மியில் வைத்துத் தேய்த்தேன். வெட்டுகிற வாய் நெளிந்துபோய்விட்டது. மீன் கடையில் மீன் வெட்டிக் கொடுக்கிற ஒரு அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இதுல என்ன, மஞ்சள் அரைச்சியா?" என்று கேட்டாள். பிறகு தன் கல்லில் ஈரம் பண்ணி, சாய்மானம் மாறாமல், ஒரே பக்கமாக இழுத்துக் காட்டினாள். பத்துத் தடவை இந்தப் பக்கம், பத்துத் தடவை அந்தப் பக்கம். பேர் கேட்டதில்லை. இன்றைக்கும் அவள் இழுத்த மாதிரிதான் இழுக்கிறேன்.

இன்னொன்று, நுனி. லைஃப் ஜாக்கெட் வைக்கிற இரும்புப் பெட்டி ஒரு நாள் பூட்டிக் கிடந்தது. சாவி ஆபீஸில். ஆபீஸில் நாலு பெரிய ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்க் கேட்கக் கூச்சம். கத்தி நுனியைப் பூட்டில் விட்டு நெம்பினேன். டக்கென்று அரை விரல் நுனி போய்விட்டது. சாவி கேட்பதற்குக் கூச்சப்பட்டு, உடைந்த கத்தியோடு அதே ஆபீஸில் போய் நின்றேன். இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. என் கூச்சம்தான் பின்னால் பெரிசாக வந்தது.

அன்றைக்குக் கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. பிள்ளைகளோடு ஒரு பஸ் நிறைய ஆட்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஓடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆரோக்கியமும் நானும் விடிந்ததும் சின்ன வள்ளத்தில் போனோம். வாடைக்காற்று விட்டு விட்டு அடித்தது. தண்ணீர் ஏற்றமாக இருந்தது. ஓடை கடலுக்குத் திரும்புகிற இடத்தில், அடையாளத்துக்காக ஊன்றியிருக்கிற கம்பு உங்களுக்குத் தெரியுமே, அதன் பக்கத்தில் பழைய வலை ஒன்று அடைந்து கிடந்தது. எந்தப் படகிலிருந்தோ அறுந்து வந்தது. ஒரு பக்கம் வேரில் மாட்டி, மறுபக்கம் ஓடையில் மிதந்தது.

"பிள்ளைக வர்ற வழில இது கெடந்தா ஆகாது. இழுத்துப் போட்டுட்டுப் போவோம்" என்று ஆரோக்கியம் இறங்கினாள். இறங்குமுன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வள்ளத்தில் போட்டாள். வலைக்குள் குனிய அது இடைஞ்சல் என்றாள். கழற்றாதே என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தண்ணீரிலேயே வளர்ந்தவளுக்கு நான் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

தண்ணீர் அவள் நெஞ்சளவு. வலையின் தலைக்கயிறு நல்ல கெட்டிக் கயிறு. அதை எடுத்து வள்ளத்தின் முன்வளையத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். வள்ளத்தை வைத்தே வலையை வேரிலிருந்து பிடுங்கிவிடலாம் என்று கணக்கு. நான் முன்பலகையில் உட்கார்ந்து கம்பைச் சேற்றில் ஊன்றிப் பிடித்திருந்தேன்.

அப்போது ஒரு காற்று வந்தது. நான் ஊன்றிய கம்பு சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டது. வள்ளம் பக்கவாட்டில் ஓடியது. வலை விறைத்தது. வலையின் அடிப்பக்கம், ஈயக்குண்டு கட்டிய பக்கம், ஆரோக்கியத்தின் இரண்டு காலிலும் சுற்றியிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. காலை வாரிவிட்ட மாதிரி மல்லாந்து விழுந்தாள்.

ஒரு கையால் வேரைப் பிடித்துவிட்டாள். வள்ளம் அவள் காலை ஒரு பக்கம் இழுக்கிறது, அவள் வேரைப் பிடித்து மறுபக்கம் இழுக்கிறாள். தண்ணீருக்கு மேலே முகம் மட்டும். காற்று அடித்தால் அதுவும் உள்ளே போகும். தணிந்தால் மேலே வரும். வேரை விட்டால் மேலே வரவே மாட்டாள்.

மேலே வந்த ஒரு நேரத்தில் மற்றக் கையை என் பக்கம் நீட்டி, "மதினி, கத்தி!" என்றாள்.

உறையின் பொத்தானை எடுத்தேன். கத்தியை உருவினேன். அதுவரை சரியாகத்தான் செய்தேன். அவள் கை எனக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. எட்டிக் குனிந்தேன். குனிந்து, கத்தியை அவள் கைக்குப் பக்கத்தில், முன்பலகையின் ஓரத்தில், வைத்தேன்.

நினைத்துச் செய்யவில்லை. சண்டை வரும் என்று அந்த நேரத்தில் யார் நினைப்பார்கள்? கை செய்துவிட்டது. ஐம்பது வருஷம் வைத்து வைத்துப் பழகிய கை. வாயும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தா, எடு, பிடி என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவள் கை காற்றில் துழாவியது. வள்ளம் ஒரு ஆட்டம் ஆடியது. கத்தி பலகையில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

அவள் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். காற்று வந்தது, அவள் முகம் உள்ளே போய்விட்டது.

பிள்ளைகளா, நான் எத்தனையோ ராத்திரி இதை யோசித்திருக்கிறேன். விழுந்தது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. கத்தி என் கையில் இருந்தபோது, அவளை இழுத்துக்கொண்டிருந்த கயிறு என் முழங்கைக்குப் பக்கத்தில் முன்வளையத்தில் விறைத்து நின்றது. அதை நான் கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்திருந்தால் வள்ளம் தன் பாட்டுக்குப் போயிருக்கும், வலை தளர்ந்திருக்கும், அவள் எழுந்து நின்றிருப்பாள். அவள் கேட்டாள் என்று கொடுக்கப் போனேன். தவிக்கிறவள் கண்ணுக்குத் தன் காலில் சுற்றியது மட்டும்தான் தெரியும். மேலே உட்கார்ந்திருந்த நான் எது இழுக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

கத்தி போன பிறகுதான் பார்த்தேன். வள்ளம் இழுக்கிறது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். விறைப்பில் கல்லாக இருந்தது. கத்தியைத் தேடிக் குதிக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கலங்கல் தண்ணீரில், முழங்கால் சேற்றில், கறுப்புக் கத்தியை எங்கே தேடுவது? வள்ளத்தை நிறுத்த வேண்டும். அது மட்டும்தான் மனசில் நின்றது.

எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன். வள்ளம் கட்டுகிற கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் கழுத்துக்கு வந்தது, லைஃப் ஜாக்கெட் தூக்கிப் பிடித்தது. அடையாளக் கம்பு இரண்டு எட்டுத் தூரம். தாவிக் கட்டிப்பிடித்தேன். கம்பு நிறைய ஒட்டுச் சிப்பி. உள்ளங்கை கிழிந்துபோய்விட்டது. அப்படியே கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினேன். வள்ளம் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது. ஆரோக்கியத்தின் தலை முழுசாக மேலே வந்தது. இருமினாள், வாந்தி எடுத்தாள், வேரை விடவில்லை.

அப்போதுதான் நான் கத்தினேன். "ஏலே சவரீ! ஏலே சவரிமுத்தூ! ஆள் போகுதுலே, வாலே!" என்று. சவரிமுத்து நம் பெரிய படகு ஓட்டுகிறவன், அந்த நேரம் துறையில் படகு கழுவிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து நான் அதுவரை சத்தமாக ஒரு சொல் பேசியதில்லை. "என்ன தம்பி, சாப்பிட்டீங்களா" என்பதையும் தரையைப் பார்த்துத்தான் கேட்பேன்.

காற்று நிற்கவில்லை. கட்டிய வள்ளமும் காற்றில் ஆடி ஆடி, வலையை விட்டு விட்டு வெடுக்கென்று இழுத்தது. இழுக்கும்போதெல்லாம் ஆரோக்கியத்தின் வாய் வரை தண்ணீர். என் கையில் ரத்தம் ஓடுவதைப் பார்த்தேன். கையை இப்படி அறுத்தது கயிற்றை அறுக்காதா? கம்பில் இருந்த பெரிய சிப்பி ஒன்றை வள்ளத்தில் கிடந்த தண்ணீர் இறைக்கிற சட்டியால் தட்டிப் பெயர்த்தேன். முன்வளையத்தில் விறைத்திருந்த கயிற்றில் வைத்து அறுத்தேன். சிப்பி உடைந்தது. இன்னொன்று பெயர்த்தேன். அதுவும் உடைந்தது. மூன்றாவது சிப்பியில் ஒரு புரி போனது, இரண்டு புரி போனது, அடுத்த காற்றின் இழுப்பில் மிச்சம் தானாகப் பட்டென்று அறுந்தது.

வலை தளர்ந்து படுத்தது. ஆரோக்கியம் எழுந்து நின்றாள். குனிந்து, ஒவ்வொரு காலாகத் தானே உருவிக்கொண்டாள்.

சவரிமுத்து வந்து சேர்ந்தபோது இருவரும் ஒரே வேரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவன் அறுந்த கயிற்றைப் பார்த்தான். என் இடுப்பில் உறையைப் பார்த்தான். கையில் ரத்தத்தைப் பார்த்தான்.

"யாரு அறுத்தா?"

"மதினிதான்" என்றாள் ஆரோக்கியம்.

"கத்தி பட்ருச்சா அக்கா?" என்று என்னைக் கேட்டான்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டல்தான் பொய். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் சொன்ன பொய். அன்றைக்கு மத்தியானமே, வந்திருந்த பஸ் கூட்டத்துக்குச் சவரிமுத்து கதையைச் சொல்லிவிட்டான். வருஷா வருஷம் அதில் சதை வைத்தது. ஒரு வருஷம் நான் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு குதித்ததாகச் சொன்னான். இன்னொரு வருஷம் சுறா ஒன்று வந்தது. சுறாவைக் கேட்டதும் ஆரோக்கியம் சமையல்கட்டுக்குள் ஓடிச் சிரித்தாள். வருகிறவர்கள் கத்தியோடு என்னைப் படம் எடுத்துக்கொள்வார்கள். நான் முகத்தை மூடிக்கொள்வேன். பாவம், என்ன அடக்கம் என்பார்கள்.

மறுநாள் தண்ணீர் வற்றிய நேரத்தில் நான் தனியாகப் போய், அந்தக் கம்பைச் சுற்றிச் சேற்றில் காலால் துழாவினேன். மூன்றாவது சுற்றில் குதிகாலில் ரப்பர் தட்டியது. எடுத்தேன். ஒரே நாளில் வாய் ஓரம் செம்பு நிறமாகத் துரு. கழுவித் துடைத்து எண்ணெய் போட்டேன். பிறகு ஆரோக்கியம் வீட்டுக்குப் போனேன். காலில் வலைத் தடம் கறுத்துக் கிடந்தது. மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"கத்திய நாந்தான் கீழ வச்சேன்" என்றேன்.

"தெரியும். பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"பழக்கம் புள்ள. கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்னு..."

"வந்துருச்சுல்ல மதினி, குடுக்காமயே! இன்னையிலருந்து ஏழு நாளைக்கு உன்கூடப் பேச மாட்டேன், போ."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வாசல் வரை போனேன். "நில்லு, கஞ்சி குடிச்சுட்டுப் போ" என்றாள். ஏழு நாள் கணக்கு அதோடு சரி.

அவள் கால் ஆறி வேலைக்கு வந்த அன்று வள்ளத்தில் உட்கார்ந்து இருவரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கத்தி கைக்குக் கைதான் போகும். கைப்பிடி வாங்குகிறவர் பக்கம். கொடுப்பவர் "விடவா?" என்று கேட்க வேண்டும். வாங்குபவர் நன்றாகப் பிடித்த பிறகு "பிடிச்சேன்" என்று சொல்ல வேண்டும். காதில் விழுந்தால்தான் விட வேண்டும். எனக்கு முதலில் குரலே வரவில்லை. "என்ன, கோயில்ல மந்திரமா சொல்ற? காத்துல எனக்கு எப்படிக் கேக்கும்? திரும்பச் சொல்லு" என்று அன்றைக்கு நாற்பது தடவை சொல்ல வைத்தாள். பிறகு முதல் முதலாகக் கைக்குக் கை கொடுத்தேன். அவள் வாங்கி முடித்ததும், "சரி மதினி, இப்பச் சண்டைய ஆரம்பி" என்றாள். பிறகு தினமும் அப்படித்தான். கத்தி கை மாறினால் ஒரு சண்டை. சோற்றில் உப்பு இல்லை என்று ஒரு நாள், கம்பை ஈரத்தோடு போட்டாய் என்று ஒரு நாள். போட்டுவிட்டுச் சிரிப்போம். எனக்குச் சத்தமாகப் பேச வந்தது அந்தச் சண்டையில்தான். படகில் அவ்வளவு பேசுகிறவளுக்குப் போன வாரம் உங்கள் முன்னால் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், அது வேறு.

லைஃப் ஜாக்கெட்டை யாராவது கழற்றினால் பிறகு நான் விட்டதில்லை. பெரிய ஆபீசர் ஒருவர் போட்டோவுக்காகக் கழற்றினார். "போடுங்கய்யா. போடலைன்னா படகு நகராது" என்றேன். போட்டார். சவரிமுத்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

இதை எழுதப் போகிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியத்திடம் போய்ச் சொன்னேன்.

"நான் எத்தன தடவ சொல்லிரலாம்னு சொன்னேன். நீதான் கூச்சப்பட்டுக்கிட்டுத் திரிஞ்ச."

"இப்பச் சொல்றேன்ல."

"அப்ப சவரி பொழப்பு? வர்றவுகளுக்குச் சொல்லக் கதை இல்லாமப் போயிருமே."

"இதச் சொல்லட்டும்."

"ஆமா," என்றாள், "சுறாவ விடச் சிப்பி நல்லாத்தான் இருக்கு."

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆளுக்கு ஒன்று வேண்டாம், படகுக்கு ஒன்று போதும். கறுப்புக் கைப்பிடி வேண்டாம். சேற்றில் விழுந்தால் தெரியாது. ஆரஞ்சோ மஞ்சளோ வாங்குங்கள். கைப்பிடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், அதில் கயிறு கட்டிப் படகோடு சேர்த்து முடிந்து வையுங்கள். கூர் நுனி வேண்டியதில்லை. என் கத்திக்கு நுனி போன பிறகுதான் ஆள் பக்கத்தில் பயமில்லாமல் கொண்டுபோக முடிந்தது. ரம்பப் பல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கத்தியை உருவுகிற நேரம் வந்தால், உருவுமுன் ஒரு மூச்சு நில்லுங்கள். எது இழுக்கிறது என்று பாருங்கள். படகா, காற்றா, கயிறா? அதை நிறுத்த முடிந்தால் கத்தியே வேண்டாம். நிறுத்த முடியாவிட்டால் அதைத்தான் முதலில் அறுக்க வேண்டும். தவிக்கிறவர் கேட்பதைக் கொடுக்குமுன் உங்கள் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். சாவி கேட்க, லைஃப் ஜாக்கெட்டைப் போடு என்று சொல்ல, உதவிக்குக் கூப்பிடக் கூச்சப்படாதீர்கள். இதை எழுதுவதற்கே எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் வாரேன். என் கத்தியை உங்களிடம் கொடுத்துவிடப் போகிறேன். முழங்கால் போய் வேலையை விட்டவளுக்கு அது எதற்கு? மீன் கடைக்காரம்மா சொன்ன மாதிரி தீட்டி, எண்ணெய் போட்டு, கைப்பிடியில் சிவப்புக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன். ஆரோக்கியமும் கூட வருவாள். இந்த நோட்டை அவள்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.

உங்களில் யார் வாங்கிக்கொள்வது என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். தரையில் வைக்க மாட்டேன். கையில்தான் நீட்டுவேன். "விடவா?" என்று கேட்பேன். பிடித்த பிறகு "பிடிச்சேன்" என்று சொல்ல வேண்டும். துறையின் அந்தக் கடைசியில் படகு கழுவுகிற சவரிமுத்துவுக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் விட மாட்டேன். நாற்பது தடவை ஆனாலும் சரி, நான் பிடித்துக்கொண்டே நிற்பேன்.